'சோமா' கணினி விளையாட்டில் தன்னிலையும் நகலும்: நோக்குநிலை சார்ந்த ஒரு திறனாய்வு

ஆய்வுச்சுருக்கம்

மனித மனத்தைப் பதிவுசெய்து வேறோர் உடலில் இயக்கினால், அங்கு இயங்குபவர் யார் என்னும் வினாவை மையமாகக் கொண்ட அறிவியல் புனைவுத் திகில் விளையாட்டு 'சோமா'. சுவீடனைச் சேர்ந்த ஃபிரிக்‌ஷனல் கேம்ஸ் நிறுவனம் இதனை 2015ஆம் ஆண்டு செப்டம்பர் 22 அன்று வெளியிட்டது. அவ்வினாவின் கனத்தை ஆடுபவருக்கு உணர்த்துவது கதைமாந்தரின் உரையாடலன்று. ஆட்டத்தின் தன்மை நோக்குநிலையே என இக்கட்டுரை வாதிடுகிறது. திகில் வகைமைக்குரிய அரக்கர்கள் இவ்விளையாட்டில் ஏன் பொருந்தாமல் நிற்கின்றன என்பதும் ஆராயப்படுகிறது.

திறவுச்சொற்கள்: கணினி விளையாட்டு, தன்னடையாளம், நகல், நோக்குநிலை, அச்சம், அறிவியல் புனைவு

முன்னுரை

கணினி விளையாட்டைப் பனுவலாகக் கொண்டு ஆராய்வதற்குத் தனிக் காரணம் சொல்ல வேண்டிய நிலை இன்று இல்லை. 1997இல் எஸ்பன் ஆர்செத்தின் 'சைபர்டெக்ஸ்ட்', ஜேனட் மர்ரேயின் 'ஹாம்லெட் ஆன் த ஹோலோடெக்' ஆகிய நூல்கள் வெளிவந்த காலம் முதல் அத்துறை வளர்ந்தே வந்துள்ளது. ஆயினும் விளையாட்டின் கதைச்சுருக்கத்தை எடுத்துக்கொண்டு, அதனை ஒரு நாவலைப் போலப் படித்துவிடும் பழக்கம் எளிதில் நேர்ந்துவிடுகிறது. 'சோமா' போன்ற கருத்துச் செறிவுள்ள ஆக்கத்தில் அப்பழக்கம் பெரும் இழப்பைத் தரும். இதன் மெய்யியல் வினா புதியதன்று. இளவரசனின் நினைவு செருப்புத் தைப்பவனின் உடலில் புகுந்தால் அவன் யார் என ஜான் லாக் கேட்டார். 1984இல் வெளிவந்த 'ரீசன்ஸ் அண்ட் பெர்சன்ஸ்' நூலில் டெரெக் பார்ஃபிட், மனிதரை அணு அணுவாகப் பதிவுசெய்து தொலைவில் மறுஆக்கம் செய்யும் கருவியைக் கற்பனைசெய்து அவ்வினாவை மேலும் கூர்மையாக்கினார். கருத்தளவில் 'சோமா' இவர்களைக் கடந்து செல்வதில்லை. அதன் புதுமை வேறிடத்தில் உள்ளது.

கதையமைப்பு

'சோமா' என்பது கிரேக்கத்தில் உடலைக் குறிக்கும் சொல். (நம் மரபில் சோமபானத்தை நினைவூட்டும் இச்சொல்லுக்கும் இதற்கும் தொடர்பில்லை.) டொராண்டோவில் வாழும் சைமன் ஜாரெட், ஒரு மோட்டார் வாகன விபத்தில் மூளைக் காயம் அடைகிறான். 2015இல் ஒரு பரிசோதனை மூளைப்பதிவுக்கு இசைந்து நாற்காலியில் அமர்கிறான். கண் திறக்கும்போது ஆண்டு 2104. இடம், அட்லாண்டிக் கடலடியில் உள்ள 'பாத்தோஸ்-2' என்னும் ஆய்வு நிலையம். 2103இல் வால்விண்மீன் ஒன்று மோதி நிலப்பரப்பு அழிந்துவிட்டது. நிலையத்தைக் காக்கும் செயற்கை அறிவான 'வாவ்', மனிதரைப் பிழைக்கவைக்கும் கட்டளையைத் தன் போக்கில் பொருள்கொண்டு, சடலங்களுக்கும் இயந்திரங்களுக்கும் ஒருவகை உயிரைப் புகட்டிக்கொண்டிருக்கிறது. சைமனும் அதன் விளைவே. இமோஜென் ரீட் என்னும் பெண்ணின் சடலம் இருக்கும் நீர்மூழ்கு உடையில் பொருத்தப்பட்ட ஒரு பழைய பதிவு அவன். டொராண்டோச் சைமன் இறந்து ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு ஆகிறது.

கேத்தரின் சுன் என்னும் அறிவியலாளரின் பதிவு அவனுக்குத் துணையாகிறது. மனிதர் பலரின் பதிவுகளைத் தாங்கிய 'பேழை' என்னும் எண்ம உலகை விண்ணில் ஏவுவதே இருவரின் இலக்கு.

நோக்குநிலை சொல்லும் பொய்

ஆட்டம் முழுவதும் ஆடுபவர் சைமனின் கண்வழியே காண்கிறார். டொராண்டோ நாற்காலியில் மறைந்த பார்வை கடலடியில் திறக்கிறது. ஒமிக்ரான் நிலையத்தில், ஆழ்கடல் அழுத்தத்தைத் தாங்கும் கவச உடைக்கு மாற வேண்டிய கட்டாயம் வரும்போது, பார்வை ஒருகணம் மங்கிப் புதிய உடலில் தெளிகிறது. ஆடுபவர் இதனை இடமாற்றமாகவே உணர்கிறார். தமிழில் இதற்கு ஆயத்தமாக ஒரு தொடர் உண்டு: கூடுவிட்டுக் கூடு பாய்தல். அத்தொடரை இங்கு ஆள்வது பிழை என்பதே இக்காட்சியின் சாரம். சுந்தரநாதர் இடையன் மூலனின் உடலில் புகுந்து திருமூலரான வரலாற்றில், பாய்வதற்கு ஓர் உயிர் உண்டு. ஒரு நேரத்தில் அது ஓர் உடலில்தான் இருக்கும். ஒமிக்ரானில் எதுவும் பாயவில்லை. புதிய சைமன் எழுந்த சில நொடிகளில், பழைய நாற்காலியிலிருந்து அதே குரல், ஏன் ஒன்றும் நடக்கவில்லை என்று குழம்புவது கேட்கிறது. விடப்பட்ட கூடு வெறுங்கூடன்று.

கேத்தரின் அவனை உறங்கச் செய்கிறாள். அவன் மின்கலத்தை வடியச்செய்து கொல்வதா, ஒருநாள் தனியே விழிக்குமாறு விட்டுச்செல்வதா என்னும் தெரிவு ஆடுபவரிடம் விடப்படுகிறது. இக்கட்டுரையாளர் முதன்முறை ஆடியபோது இவ்விரண்டில் ஒன்றைச் செய்ய நெடுநேரம் தயங்கியதும், அடுத்தமுறை மற்றதைத் தெரிந்தும் மனம் ஆறாததும் இங்குக் குறிப்பிடத்தக்கவை. தமிழில் 'நான்' என்னும் தன்மை ஒருமைக்குப் பன்மையாக 'நாம்', 'நாங்கள்' என இரண்டு உண்டு. அந்நாற்காலியின் முன் நிற்கும் சைமனுக்கு இரண்டும் உதவா. 'அவன்' என்னும் படர்க்கையும் பொய்யாகவே ஒலிக்கும்.

இந்நிகழ்வைச் சைமன் பூவா தலையா போட்டுப் பார்ப்பதைப் போலப் புரிந்துகொள்கிறான். இருவரில் ஒருவன் செல்வான், ஒருவன் தங்குவான். இம்முறை தனக்கு நல்வாய்ப்பு. இப்புரிதல் தவறு. சுண்டப்பட்ட நாணயம் எதுவுமில்லை. பதிவுக்கு அமர்ந்தவன் எப்போதும் அமர்ந்த இடத்திலேயே இருப்பான், நகல் எப்போதும் புதிதாகத் தோன்றும். எனினும் சைமனின் அறியாமையை நகைப்பதற்கு ஆடுபவருக்கு உரிமையில்லை. இருமுறையும் பார்வை நகலைத் தொடர்ந்து சென்றதால் ஆடுபவரும் அதே நம்பிக்கையில்தான் இருக்கிறார். சைமனிடம் கேத்தரின் மறைத்ததைக் காட்டிலும் ஆட்டத்தின் நோக்குநிலை நம்மிடம் மறைத்தது மிகுதி. நாவலில் எடுத்துரைப்பாளன் இதனைச் செய்திருந்தால் அதை உத்தி என்று கண்டுகொள்வோம். விளையாட்டிலோ பார்வையின் தொடர்ச்சி ஐயத்துக்கு இடமில்லாத மரபு. அந்த மரபையே 'சோமா' கண்ணியாக்குகிறது.

நிலையப் பணியாளர் மார்க் சரங்கின் கொள்கை இவ்விடத்தில் கருதத்தக்கது. பதிவெடுத்த உடனே மூல உடல் இறந்தால், தொடர்ச்சி அறுபடாமல் தான் பேழைக்குச் செல்லலாம் என நம்பி அவர் தம்மை மாய்த்துக்கொண்டார். சிலர் அவரைப் பின்பற்றினர். ஆடுபவர் இதனை மடமை என எண்ணிக் கடந்துசெல்லக்கூடும். ஆனால் முதல் உடலை இருட்டிவிட்டு அடுத்ததைத் திறக்கும் ஆட்டத்தின் காட்சிமுறை, சரங்கின் கொள்கையை ஒத்ததுதான்.

புதிர் வதையாகும் இடம்

தீட்டா நிலையத்தில் ஒரு மறைகுறியைப் பெறுவதற்காக, பிராண்டன் வான் என்பவரின் பதிவை ஒரு போலிச்சூழலில் எழுப்பி விசாரிக்க வேண்டியுள்ளது. சூழல் பொருந்தவில்லையெனில் அவர் ஐயுற்று, அஞ்சி, கலங்குகிறார், இயக்கம் நிறுத்தப்படுகிறது. சூழலை மாற்றி மீண்டும் எழுப்பலாம். முந்தைய அச்சம் எதுவும் அவர் நினைவில் இராது. தவறு செய்து, திருத்தி, மீண்டும் முயல்வது புதிர் விளையாட்டின் அடிப்படை மரபு. ஆடுபவர் கை அதற்குப் பழகியது. அப்பழக்கமே இங்கு ஒருவரை மறுபடி மறுபடி கலங்கடித்து அழிக்கிறது. வானின் ஒவ்வொரு விழிப்பும் ஒரு தனி வாழ்வா, ஒரே வாழ்வின் ஒத்திகையா என்பதற்குக் கேத்தரின் கவலைப்படுவதில்லை. நாமும் விடை கிடைக்கும்வரை கவலைப்படுவதில்லை. இவ்விளையாட்டின் மிகச் சிறந்த பகுதி இதுவே என்பது இக்கட்டுரையாளரின் துணிபு.

இதற்கு அருகில் வைக்கத்தக்கது சாரா லிண்ட்வாலின் காட்சி. எஞ்சிய கடைசி மனிதரான அவர், தம்மை உயிர்காக்கும் கருவியிலிருந்து விடுவிக்குமாறு வேண்டுகிறார். இசைந்தாலும் மறுத்தாலும் கதைமுடிவு மாறாது, மதிப்பெண்ணும் இல்லை. தெரிவுக்குப் பயன் இல்லாததைக் குறையாகக் கூறுவோர் உளராயின், பயன் நோக்காத நிலையில்தான் பொறுப்பு முழுமையாக ஆடுபவருடையதாகிறது என்பதை அவர்கள் எண்ண வேண்டும்.

அரக்கர்களின் பொருந்தாமை

குறையும் உண்டு. ஃபிரிக்‌ஷனல் கேம்ஸ், 2010இல் வெளியிட்ட 'அம்னீசியா: த டார்க் டிசெண்ட்' வழியாக, எதிர்த்துப் போரிட இயலாமல் ஒளிந்து தப்பும் திகில்முறைக்குப் பெயர்பெற்றது. அம்முறை 'சோமா'விலும் தொடர்கிறது. தொல்காப்பிய மெய்ப்பாட்டியல், அச்சம் பிறக்கும் நிலைக்களன்களாக அணங்கு, விலங்கு, கள்வர், இறை ஆகிய நான்கைக் கூறும். நான்கும் அஞ்சுபவருக்குப் புறத்தே உள்ளவை. வாவ் படைத்த உருக்கள் முதலிரண்டு வகையில் அடங்கும். 'சோமா'வின் தலையாய அச்சமோ தன்னையே களனாகக் கொண்டது. எனவே இருள்வழியில் ஓர் உரு துரத்தும்போது, சிந்தனை அறுந்து கால்கள் மட்டுமே இயங்குகின்றன. 2017 டிசம்பரில், உருக்கள் ஆடுபவரைக் கொல்லாத 'பாதுகாப்பு முறை' சேர்க்கப்பட்டது. அம்முறையில் ஆடினும் ஆக்கத்தின் கனம் குறையவில்லை என்பது, அவை எவ்வளவு மிகையானவை என்பதற்குச் சான்று. உருவிடம் சிக்கி இறந்த ஆடுபவர், சேமித்த நிலையிலிருந்து மீண்டும் தொடங்குகிறார். அதுவும் ஒரு நகலே! ஆட்டம் தன் கருத்தோடு நேரே இணைத்திருக்கக்கூடிய இம்மரபை மட்டும் ஏனோ கேள்வியின்றி விட்டுவிடுகிறது.

தங்கியவனும் சென்றவனும்

இறுதியில் பேழை ஏவப்படுகிறது. பதிவு முடிந்ததும் பார்வை நகராமல் கடலடியிலேயே நிற்கிறது. இருமுறை பழகியது மூன்றாம் முறை நிகழவில்லை. சைமன் சினந்து கத்துகிறான். வாக்குவாதத்தின் நடுவே கேத்தரினைத் தாங்கிய கருவி பழுதாகி அணைகிறது. இருளில் அவன் குரல் மட்டும் எஞ்சுகிறது. படைப்பாளர் பெயர்ப்பட்டியல் ஓடத் தொடங்குகிறது.

பட்டியலுக்குப் பின் வரும் காட்சியில், வெயில் படும் ஒரு காட்டுவழியே பேழையின் சைமன் நடந்து கேத்தரினைச் சந்திக்கிறான். இதனை ஆறுதலாகக் கொள்வது இயல்பு. ஆட்டத்தின் கடுமையைத் தணிக்கச் சேர்த்த ஒட்டு என்றும் வாதிடலாம். இரண்டும் ஏற்புடையன அல்ல. பார்வை இப்போது சென்றவனிடம் மாறியதால், அது எந்தச் சைமனுக்கும் உரியதாக இருந்ததில்லை என்பது முதன்முறையாக வெளிப்படுகிறது. இவன் தனக்கு வாய்ப்பு வென்றதாக நினைக்கக்கூடும். தோற்றவனின் நினைவு இவனிடம் இல்லை. பேழையில் வந்தோர் தம் புதிய இருப்பை எவ்வாறு உணர்கின்றனர் என்று கேட்கும் வினாநிரல் ஒன்று அங்கு வைக்கப்பட்டுள்ளது. அதனை நிரப்புவதற்குச் சைமனின் கை நீள்கிறது. விடைகளைத் தெரிபவர், சற்றுமுன் இருளில் அவனோடு இருந்துவிட்டு வந்த ஆடுபவர்.