ஒருவர் இருவராதலும் இருவர் ஒருவராதலும்: பொன்னியின் செல்வன் புதினத்திலும் திரைவடிவத்திலும் மறை அடையாளம்

ஆய்வுச் சுருக்கம்

கல்கியின் ‘பொன்னியின் செல்வன்’ புதினத்தில் பூத்தொடுக்கும் சேந்தன் அமுதனே கண்டராதித்தருக்கும் செம்பியன் மாதேவிக்கும் பிறந்த உண்மையான மதுராந்தகன். மணிரத்னத்தின் திரைவடிவம் இம்மறை அடையாளத்தை நீக்கி, மதுராந்தகனை ஒருவனாகவே நிறுத்துகிறது. இம்மாற்றத்தால் துறவு, பிறப்பு, தாய்மை ஆகியவற்றின் பொருள் எவ்வாறு மாறுகிறது என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: பொன்னியின் செல்வன், தழுவல், மறை அடையாளம், உத்தம சோழன், செம்பியன் மாதேவி, பழுவூர்.

முன்னுரை

மறைக்கப்பட்ட அடையாளம் உலகக் கதைமரபில் இரு வகையாக அமைகிறது. 1938இல் சித்திரக்கதையில் தோன்றிய சூப்பர்மேன் முதல் வகையினன். தான் யார் என்பதை அவன் அறிவான்; ஊர் அறியாது. தொலைக்காட்சிக்கும் திரைக்கும் அவன் பெயர்ந்தபோதும் இந்த அடிப்படை தொடர்ந்தது. இரண்டாம் வகைக்குக் கர்ணன் சான்று. அவனது பிறப்பைத் தாய் அறிவாள். அவன் நெடுநாள் அறியான். முதல் வகையில் மறைவு நாயகனின் கருவி. இரண்டாம் வகையில் அது பிறர் செய்த செயலின் சுமை. சேந்தன் அமுதன் கர்ணனின் வழியினன். எனவே அவனது மறைவை நீக்கும் தழுவல், அச்சுமையைத் தாங்கிய தாயின் பாத்திரத்தையும் மாற்றியாக வேண்டும்.

பழுவூரும் கண்டராதித்தமும்

இச்சிக்கலின் இரு முனைகளும் இன்றைய அரியலூர் மாவட்டத்தில் உள்ளன. 1995இல் திருச்சிராப்பள்ளியிலிருந்து பிரிந்த பெரம்பலூர் மாவட்டத்தில் அடங்கியிருந்து, 2007இல் மீண்டும் தனி மாவட்டமான நிலப்பகுதி இது. மேலப்பழுவூர், கீழப்பழுவூர், கீழையூர் ஆகியவை பழுவேட்டரையர்களின் பழுவூரைச் சேர்ந்தவை. பராந்தக சோழன் பழுவேட்டரையர் மகளை மணந்ததை அன்பில் செப்பேடு கூறுகிறது. கொள்ளிடத்திற்கு வடக்கேயுள்ள கண்டராதித்தம் அம்மன்னரின் பெயரையும், அங்குள்ள பேரேரி செம்பியன் மாதேவியின் பெயரையும் தாங்குகின்றன. புதினத்தில் பழுவூரார் தூக்கி நிறுத்தும் இளவரசன் கண்டராதித்தரின் மகன் அல்லன். அவருடைய மகன் திருக்கோயிலுக்குப் பூமாலை கட்டுகிறான். ஒருபுறம் படைவலிமை, மறுபுறம் சிவத்தொண்டு என்னும் இரு மரபுகளையும் கல்கி இவ்விரு இளைஞர்களிடம் பகிர்ந்தளித்துள்ளார்.

ஒருவர் இருவரானமைக்கான காரணம்

1950 முதல் 1954 வரை ‘கல்கி’ இதழில் தொடராக வந்த இப்புதினத்தின் முன் வரலாற்றுச் சிக்கல் ஒன்று இருந்தது. மக்கள் வேண்டியும், சிற்றப்பனுக்கு ஆட்சியில் விருப்பம் உள்ளவரை அருள்மொழிவர்மன் அதனை மனத்தாலும் விரும்பவில்லை எனத் திருவாலங்காட்டுச் செப்பேடு கூறுகிறது. ஆதித்த கரிகாலன் கொலையில் உத்தம சோழனுக்குத் தொடர்பு இருந்திருக்கலாம் என்று கே. ஏ. நீலகண்ட சாஸ்திரி ஐயுற்றார், தி. வை. சதாசிவ பண்டாரத்தார் அதனை மறுத்தார். ஐயத்திற்குரியவனுக்கு அருள்மொழி ஏன் அரசை விட்டுக்கொடுத்தான்? சிவபக்தியே வாழ்வாகக் கொண்ட செம்பியன் மாதேவியின் மகன் அரியணைக்கு ஆசைப்பட்டது எப்படி?

கல்கி உத்தம சோழனை இருவராகப் பிரித்து இவ்வினாக்களுக்கு விடை காண்கிறார். ஆசையும் ஐயமும் அரண்மனையில் வளர்ந்தவனைச் சேர்கின்றன. அரியணை மாசற்ற சேந்தன் அமுதனைச் சேர்கிறது. செம்பியன் மாதேவியின் கல்வெட்டுகள் உத்தம சோழனைத் தம் திருவயிற்றில் பெற்றவர் என்று அவரைக் குறிப்பிடுகின்றன. முடிசூடுபவன் அவர் பெற்ற மகனே ஆதலால் புதினம் அக்கல்வெட்டுகளோடும் முரண்படவில்லை.

இத்தீர்வுக்கு ஒரு விலை உண்டு. அரண்மனையில் வளர்ந்தவன் தகுதியற்றவனாவதும், குடிசையில் வளர்ந்தவன் தகுதியுடையவனாவதும் இறுதியில் பிறப்பால் விளக்கம் பெறுகின்றன. பூத்தொடுப்பவனின் நற்பண்பு அவனுடைய தொண்டிலிருந்து விளைந்ததா, அரச குருதியிலிருந்து வந்ததா என்னும் வினா எழுகிறது. வளர்ப்பு மகனும் முதலில் சைவப் பற்றுடனேயே வளர்ந்தான் என்றும், பிறர் தூண்டுதலே அவனுள் ஆசையை விதைத்தது என்றும் கல்கி காட்டுகிறார். ஆயினும் கதையின் முடிவு பிறப்பின் பக்கமே சாய்கிறது.

இருவர் ஒருவரானமையின் விளைவு

2022, 2023 ஆகிய ஆண்டுகளில் வெளிவந்த இரு பாகத் திரைப்படத்தில் ரகுமான் ஏற்ற மதுராந்தகன் செம்பியன் மாதேவி பெற்ற மகனே. அஸ்வின் காக்குமனு ஏற்ற சேந்தன் அமுதன் வந்தியத்தேவனின் துணைவனாக மட்டுமே வருகிறான். குழந்தை மாற்றம் நீக்கப்பட்டதை நேரச் சுருக்கத்திற்கான வெட்டு என்று மட்டும் கொள்ளுதல் போதாது.

முதலாவதாக, அருள்மொழியின் துறவு கனம் பெறுகிறது. புதினத்தில் அவன் முடியைத் தருவது எதையும் கேளாத ஓர் அடியவனுக்கு. திரையில் அதே முடி, அரியணைக்காகச் சிற்றரசர்களோடு கூடியவனின் தலையில் ஏறுகிறது. நல்லவனுக்குக் கொடுப்பதினும் போட்டியாளனுக்குக் கொடுப்பது அரிது. சிற்றப்பனின் விருப்பத்திற்காக ஒதுங்கிய இளவரசனைப் பேசும் திருவாலங்காட்டுச் செப்பேட்டிற்கு இவ்வகையில் திரைவடிவமே நெருங்கி நிற்கிறது. இரண்டாவதாக, திரையின் சேந்தன் அமுதன் அரச குருதியின் துணையின்றியே நல்லவனாக இருக்கிறான்.

இழப்பு செம்பியன் மாதேவியின் பாத்திரத்தில் நேர்கிறது. தன் குழந்தை இறந்துவிட்டதாக எண்ணி மந்தாகினியின் மகனை ஏற்றவர். இறந்ததாகக் கருதிப் புதைக்கத் தந்த குழந்தை, வாய்பேசாத வாணியின் கையில் உயிர்பெற்று வளர்வதைப் பின்னர் அறிந்தும் வெளியிடாதவர். பெற்றவனை ஏழ்மையில் விட்டு, வளர்த்தவனுக்கு அரசு சேராமல் தடுக்க முயன்றவர். புதினத்தில் அவருடைய மறுப்பு, பக்தியும் குற்றவுணர்வும் பின்னிய ஒன்று. திரையில் அது கணவரின் விருப்பத்தைக் காக்கும் தாயின் கண்டிப்பாகச் சுருங்குகிறது. ஊமைப் பெண்கள் இருவர் சுமந்த அரண்மனை இரகசியத்தில் வாணியின் பங்கும் இதனோடு மறைகிறது.

முடிவுரை

கல்கி ஒருவரை இருவராக்கி வரலாற்றின் ஐயத்தைத் தீர்த்தார். அதனால் துறவு எளிதாயிற்று, தாயின் துயர் ஆழமாயிற்று. மணிரத்னம் இருவரை ஒருவராக்கித் துறவை அரிதாக்கினார். தாயின் துயரை இழந்தார். தழுவலை மூலத்திற்கு உண்மையாக உள்ளதா என்று மட்டும் அளந்தால் இந்தக் கொடுக்கல் வாங்கல் புலப்படாது. ஓர் இரகசியத்தை நீக்கும்போது அதனை அதுவரை சுமந்தவர் யார், நீக்கியபின் அவருக்கு எஞ்சுவது என்ன என்னும் வினாக்களையும் தழுவல் ஆய்வு கேட்க வேண்டும். பொன்னியின் செல்வனில் அவ்வினாக்களுக்கு விடை, முடிசூடியவனிடத்தில் இல்லை. கண்டராதித்தத்து ஏரிக்குப் பெயர் தந்த அரசியிடத்தில் உள்ளது.