படத்தில் அகப்படாத தெம்பு

எங்கள் பெரியப்பாவின் ஸ்கேன் உறை இன்னும் மயிலாப்பூர் வீட்டில் பீரோவுக்குப் பின்னால் செருகியபடி இருக்கிறது. எழுபத்து நான்கு வயதில் பெருங்குடலில் புற்றுநோய் என்று தெரிந்தபோது எடுத்த சிடி ஸ்கேன். கூடவே ஒன்றரைப் பக்க ரிப்போர்ட். கட்டி எத்தனை சென்டிமீட்டர், ஈரலுக்குப் பரவியிருக்கிறதா, நிணநீர் முடிச்சுகள் எப்படி என்று எல்லாம் அதில் இருந்தது. சிறுநீரகத்தில் சும்மா கிடந்த ஒரு நீர்க்கட்டிக்குக்கூட ஒரு வரி ஒதுக்கியிருந்தார்கள். அதே படத்தில் முதுகெலும்பின் இரு பக்கமும் தசை வற்றிக் கிடந்ததற்கு மட்டும் வரி இல்லை.

நாங்கள் அதை வேறு விதமாகப் பார்த்துக்கொண்டிருந்தோம். கைக்கடிகார வாரில் பெரியப்பா புதிதாக ஒரு துளை போட்டிருந்தார். கபாலி கோயில் தெப்பக்குளத்தை ஒரே நடையில் சுற்றி வருகிறவர், ராமகிருஷ்ண மடம் சாலைப் பக்கம் வந்ததும் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். நாற்காலியிலிருந்து எழ இரண்டு கையையும் ஊன்ற வேண்டியிருந்தது. டாக்டர் கேட்டார்: “எப்படி சார் இருக்கீங்க?” பெரியப்பா சொன்னார்: “நல்லா இருக்கேன் டாக்டர்.” பெரிய மனிதர்களிடம் உடம்பைப் பற்றிப் புலம்பக் கூடாது என்று வளர்ந்த தலைமுறை. இரண்டாவது கீமோ ஏறிய பிறகு வயிற்றுப்போக்கு, கவுண்ட் இறங்கியது, ஒன்பது நாள் அட்மிஷன்.

அந்தப் படத்தில் தசையை அளந்திருந்தால் இது நடந்திருக்காது என்று சொல்ல மாட்டேன். ஆனால் கையில் இருந்த ஒரு தடயத்தை யாரும் படிக்கவில்லை என்பது உறுத்துகிறது. சிடி படத்திலிருந்தே நோயாளியின் தள்ளாமையை மதிப்பிடலாம் என்ற முறையைப் பற்றித் தேடிப் படிக்க வைத்தது அந்த உறுத்தல்தான்.

முறை எளிது. கீழ்முதுகின் மூன்றாவது முள்ளெலும்பு, ஏறக்குறைய தொப்புள் மட்டம். மருத்துவர் வாயில் ‘எல்3’. அந்த மட்டத்தில் உடம்பைக் குறுக்கே வெட்டிக் காட்டும் ஒரே ஒரு படத்தை எடுத்துக்கொள்கிறார்கள். சிடி படத்தில் ஒவ்வொரு புள்ளிக்கும் ஓர் எண் உண்டு. தண்ணீர் பூஜ்யம், காற்று மைனஸ் 1000. கருவியை உருவாக்கி 1979இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்ட ஹவுன்ஸ்ஃபீல்டின் பெயரில் வழங்கும் அளவு இது. மைனஸ் 29 முதல் பிளஸ் 150 வரை வருவதைத் தசை என்று கொண்டு, அந்தப் பரப்பைக் கூட்டி, உயரத்தின் வர்க்கத்தால் வகுத்தால் ஒரு குறியீடு கிடைக்கும். அந்த ஒரு வெட்டின் பரப்பு உடம்பு முழுவதன் தசை அளவோடு நன்றாகவே ஒத்துப்போகிறது. ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம்.

இதன் பெரிய பலம், புதிதாக எதையும் கேட்காதது. புற்றுநோயாளிக்கு எப்படியும் ஸ்கேன் எடுக்கிறார்கள். கூடுதல் கதிர்வீச்சு இல்லை, ஊசி இல்லை, அலைச்சல் இல்லை. முன்பு ஒருவர் உட்கார்ந்து கையால் கோடு வரைய வேண்டியிருந்த வேலையை இப்போது மென்பொருள் நொடிகளில் முடிக்கிறது.

இன்னொரு பலம், எடை மெஷின் சொல்லும் பொய்யை இது பிடித்துவிடும். கனடாவின் ஆல்பர்ட்டாவில் கார்லா பிராடோவும் சகாக்களும் 2008இல் வெளியிட்ட ஆய்வைத்தான் இந்தத் துறையில் எல்லோரும் தொட்டுப் பேசுவார்கள். நுரையீரல், செரிமானப் பாதை புற்றுநோய் கொண்ட 250 பேர். அத்தனை பேரும் பருமனானவர்கள். பார்த்தால் யாரையும் மெலிந்தவர் என்று சொல்ல முடியாது. படத்தில் அளந்தபோது 38 பேருக்குத் தசை ஆபத்தான அளவில் குறைந்திருந்தது. அவர்கள்தான் நடமாட்டத்தில் பின்தங்கினார்கள், சீக்கிரம் இறந்தும் போனார்கள். கீமோ மருந்தின் அளவைப் பெரும்பாலும் உயரத்தையும் எடையையும் வைத்தே கணக்கிடுகிறார்கள். எண்பது கிலோவில் கொழுப்பு எவ்வளவு, தசை எவ்வளவு என்பது அந்தக் கணக்கில் வராது. தசை குறைந்த உடம்பில் அதே மருந்து கூடுதல் நஞ்சாக இறங்கலாம். வயிற்றில் நீர் கோத்தவரிடமும் கால் வீங்கியவரிடமும் எடை மெஷின் இன்னும் மோசமாக ஏமாற்றும்.

இவ்வளவு நல்லது என்றால் நாளையே எல்லா ரிப்போர்ட்டிலும் இந்த எண்ணைச் சேர்த்துவிட வேண்டியதுதானே? இங்கேதான் எனக்குத் தயக்கம்.

முதல் தயக்கம் அளவுகோல் பற்றியது. அந்தக் கனடா ஆய்வு தசைக் குறியீட்டில் ஆண்களுக்கு 52.4, பெண்களுக்கு 38.5 என்று கோடு போட்டது. அதற்குக் கீழே இருந்தால் தசைக்குறைவு. பருமனான கனடாக்காரர்களை வைத்துப் போட்ட கோடு அது. நம் உடம்பின் கதை வேறு. புனேயின் மருத்துவர் யாஜ்னிக், லண்டனின் மருத்துவர் யுட்கின் என்ற நண்பர்கள் இருவரும் சேர்ந்து நிற்கும் படம் ஒன்று 2004இல் லான்செட் இதழில் வந்தது. உயரத்துக்கு எடை என்ற கணக்கில் இருவருக்கும் அச்சாக 22.3. உடம்பில் கொழுப்பு யுட்கினுக்கு 9.1 சதவீதம், யாஜ்னிக்குக்கு 21.2. பிறக்கும்போதே சதை குறைவு, கொழுப்பு கூடுதல் என்ற நம் உடல்வாகை இதைவிடச் சுருக்கமாக யாரும் காட்டியதில்லை. ஒரு சோறு பதம் சரிதான். ஆனால் பாசுமதிக்குப் பார்த்த பதத்தைப் பொன்னிக்குச் சொல்லக் கூடாது.

பெரியப்பாவின் சிடியை எனக்குத் தெரிந்த ஒரு கதிரியல் மருத்துவரிடம் கொடுத்து அளந்து காட்டச் சொன்னேன். கனடாக் கோட்டுக்குக் கீழேதான் வந்தது. அவர் சிரித்துக்கொண்டே தன் வயிற்றுப் படத்தையும் திறந்தார். சிறுநீரகக் கல்லுக்காக எடுத்தது. வயது நாற்பத்தொன்று, தினமும் காலையில் நாகேஸ்வரராவ் பூங்காவில் ஓடுகிறவர். அவரும் கோட்டுக்குக் கீழே.

சென்னைக்கு இதைச் சரிசெய்ய வழி இல்லாமல் இல்லை. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் முயற்சியில் 1954இல் பன்னிரண்டு படுக்கைகளோடு தொடங்கிய அடையாறு புற்றுநோய் நிறுவனம்தான் 1981 முதல் இந்நகரத்தின் புற்றுநோய்களை ஒவ்வொன்றாக எண்ணிப் பதிவேடு நடத்துகிறது. நம் ஊர்க் கணக்கை நம் ஊரிலேயே எடுக்கும் பழக்கம் நமக்குப் பழையது. சிறுநீரகமோ ஈரலோ தானம் தர வரும் நல்ல உடம்புக்காரர்கள் எல்லோரும் தானத்துக்கு முன் சிடி எடுத்துக்கொள்கிறார்கள். அவர்களின் எல்3 படங்களை வயதுவாரியாக, ஒப்புதலோடு அளந்தால் தமிழ் உடம்புக்கு ஒரு கோடு கிடைக்கும். அதுவரை கடன் வாங்கிய கோட்டை வைத்து யாரையும் தள்ளாதவர் என்று முத்திரை குத்துவது தவறு.

படத்தின் சில்லறைத் தொல்லைகளை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். மருந்து செலுத்தி எடுத்த படத்தில் தசையின் எண் கூடும். வெட்டின் தடிமன் மாறினாலும் எண் மாறும். நம் ஊரில் நிறையப் பார்க்கும் வாய், தொண்டைப் புற்றுநோய்க்குப் பல நேரம் கழுத்தை மட்டுமே படமெடுப்பார்கள். அங்கே எல்3 எங்கே இருக்கிறது? கழுத்தின் மூன்றாவது முள்ளெலும்பு மட்டத்தில் அளந்து கணக்குப் போடும் முறை உண்டு. ஆனால் கட்டியே கழுத்துத் தசைக்குள் புகுந்திருந்தால் அதுவும் கவிழும்.

இவை எல்லாம் சரிசெய்யக்கூடியவை. என் பெரிய சண்டை வேறு. படம் தசையை எண்ணுகிறது, தெம்பை எண்ணுவதில்லை. தள்ளாமை என்பது லிண்டா ஃபிரைட் 2001இல் வகுத்தபடி ஐந்து விஷயம்: தானாக எடை குறைவது, அசதி, கைப்பிடி தளர்வது, நடை மெதுவாவது, நடமாட்டம் சுருங்குவது. இதில் மூன்று இருந்தால் தள்ளாமை. ஐந்தில் எதையும் படுத்திருக்கும் மனிதரைப் படமெடுத்துத் தெரிந்துகொள்ள முடியாது. மறதி, மனச்சோர்வு, ஒரே நாளில் விழுங்கும் பதினோரு மாத்திரை, பிள்ளைகள் வெளிநாட்டில் இருக்க மாடி வீட்டில் தனியாக இருப்பது, இவையும் சேர்ந்ததுதான் தள்ளாமை. ஐரோப்பிய வல்லுநர்களே தசைக்குறைவின் வரையறையைத் திருத்தியபோது அளவைப் பின்னுக்குத் தள்ளி வலுவை முன்னால் வைத்தார்கள்.

சமையலறை பற்றியும் சொல்ல வேண்டும். கீமோ ஆரம்பித்ததும் பெரியம்மா பத்தியம் என்று பருப்பைக் குறைத்தார், சுண்டலை நிறுத்தினார். கஞ்சி, ரசம் சாதம், மோர். பார்க்க வந்தவர்கள் எல்லோரும் சாத்துக்குடி கொண்டுவந்து “நல்லா ரெஸ்ட் எடுங்கோ” என்றார்கள். படுக்கையும் கஞ்சியும் சேர்ந்தால் தசை கரையும். எந்த ஸ்கேனிலும் இந்தக் காரணம் தெரியாது. அடுக்களையில் போய்க் கேட்டால் ஒரு நிமிஷத்தில் தெரியும்.

கேட்டுத் தெரிந்துகொள்வதற்குத்தான் வலுவான சான்றும் இருக்கிறது. அமெரிக்காவில் எழுபது வயதைக் கடந்த 718 முற்றிய புற்றுநோயாளிகளிடம் நடந்த ஆய்வு 2021இல் வெளியானது. பாதிப் பேரின் நடை, நினைவு, உணவு, மனநிலை எல்லாம் சோதித்த சுருக்கத்தையும் என்ன செய்யலாம் என்ற ஆலோசனையையும் அவர்களின் புற்றுநோய் மருத்துவர் கையில் கொடுத்தார்கள். மற்றவர்களுக்கு வழக்கமான சிகிச்சை. கடுமையான பக்கவிளைவு மற்றவர்களில் 71 சதவீதம் பேருக்கு. சுருக்கம் கிடைத்த பக்கத்தில் 51. கீழே விழுவதும் குறைந்தது. ஆரம்பத்தில் மருந்தளவைக் குறைத்தும்கூட ஆயுள் குறையவில்லை. தசைக்குறைவு கெட்ட சகுனம் என்று காட்டும் ஆய்வுகள் ஏராளம். படத்தைப் பார்த்துச் சிகிச்சையை மாற்றியதால் நோயாளி பிழைத்தார் என்று இதே உறுதியோடு காட்டுவதற்கு இன்னும் வேலை பாக்கி.

இதெல்லாம் நமக்குப் புதிதும் இல்லை. முதியோருக்கென்று தனிப் புறநோயாளர் பிரிவை டாக்டர் வி.எஸ். நடராஜன் சென்னை அரசு பொது மருத்துவமனையில் 1978லேயே தொடங்கிவிட்டார். கிண்டியில் தேசிய முதியோர் மருத்துவமனை 2024இல் திறந்தது. அடையாறிலிருந்து சர்தார் படேல் சாலையைப் பிடித்தால் சில கிலோமீட்டர். புற்றுநோய் மருத்துவமும் முதியோர் மருத்துவமும் இவ்வளவு பக்கத்தில் இருக்கும் ஊர்கள் நாட்டில் அதிகம் இராது.

என் பயம் ஒன்றையும் மறைக்காமல் சொல்கிறேன். இந்த எண் தனியாக வெளியே வந்தால் இரண்டு விதமாகக் கெடும். ஒன்று, தி. நகரில் ஆடித் தள்ளுபடி மாதிரி ‘முழு உடல் பரிசோதனையோடு தசைக் குறியீடு இலவசம்’ என்று பேனர் கட்டுவார்கள். மற்றது ஆபத்தானது: “குறியீடு குறைவு, கீமோ தாங்க மாட்டார்” என்று ஒரு கிழவியின் சிகிச்சையை முடித்துவைக்க அது காரணமாகிவிடும். தாங்குவாரா என்று பார்க்க அவரை ஒருமுறை எழுந்து நடக்கச் சொல்லியிருக்க மாட்டார்கள்.

ஆகவே என் தீர்ப்பு: படம் மணியடிக்கட்டும், தீர்ப்பு சொல்ல வேண்டாம். தசை வற்றித் தெரிந்தால் ரிப்போர்ட்டில் ஒரு வரி எழுதுங்கள். எண்ணுக்குப் பக்கத்தில் எந்த நாட்டுக் கோடு என்றும் எழுதுங்கள். அந்த வரியைப் பார்த்த மருத்துவர் நாற்காலியிலிருந்து ஐந்து முறை எழுந்து உட்காரச் சொல்லட்டும். ஆசிய வல்லுநர்களின் 2019 கணக்கில் பன்னிரண்டு நொடியோ அதற்கு மேலோ ஆனால் கவனிக்க வேண்டும். கைப்பிடி ஆணுக்கு 28 கிலோ, பெண்ணுக்கு 18 கிலோவுக்குக் கீழே என்றாலும் அப்படியே. கெண்டைக்காலைத் தையல்காரர் டேப்பால் அளந்தால்கூடப் போதும்: ஆணுக்கு 34 சென்டிமீட்டர், பெண்ணுக்கு 33. குறைந்தால் உடனே கையை விரிக்காமல் ஊட்டச்சத்து நிபுணரையும் பிசியோதெரபிஸ்டையும் கூப்பிடட்டும்.

வீட்டில் இருப்பவர்களுக்கும் ஒன்று. அடுத்த முறை ஓபியில் அப்பாவோ பெரியம்மாவோ “நல்லா இருக்கேன் டாக்டர்” என்றால் சும்மா இருந்துவிடாதீர்கள். கடிகார வாரில் எத்தனை துளை உள்ளே போயிருக்கிறது என்று நீங்கள் சொல்லுங்கள்.