பலகை இல்லாத முகப்பு

கடலூர் மஞ்சக்குப்பத்தில் டீ குடித்துக்கொண்டிருந்தபோது நண்பர் ஒருவர் ஆதங்கப்பட்டார்: "சிதம்பரத்துல பழைய ஓட்டலெல்லாம் அடையாளம் தெரியாமப் போயிடுச்சு. பாண்டிச்சேரியில பாருங்க, எப்படிக் காப்பாத்துறாங்க!"

அவர் சொல்வதை ஒதுக்கிவிட முடியாது. பாண்டிச்சேரி ரொமேன் ரோலன் வீதியில் பதினெட்டாம் நூற்றாண்டு மாளிகையொன்று, கல்வித்துறை அலுவலகமாக இருந்து பின்னர் சீரமைக்கப்பட்டு ஓட்டலானது. வாய்க்காலுக்கு மேற்கே, தமிழர் பகுதியான வைசியாள் வீதியில் திண்ணையும் தாழ்வாரமுமாக வீட்டு முகப்புகளை இன்டாக் அமைப்பு மீட்டெடுத்தது; 2008இல் யுனெஸ்கோ விருது கிடைத்தது. பழைய சுவருக்குச் சிமெண்டு பூசினால் ஈரம் உள்ளேயே தங்கிச் செங்கல் பொரியும். சுண்ணாம்புக் காரை ஈரத்தை வெளியே விடும். கொத்தனார்களின் இந்த அறிவு காப்பாற்றப்பட வேண்டியதுதான்.

ஆனால் முகப்பு என்பது காரையும் தூணும் மட்டுந்தானா? ஓட்டல் முகப்பு ஒரு பிரதி. நம் ஊரில் அதில் எழுத்தும் இருந்தது. 'பிராமணாள்' என்ற அந்த ஒற்றைச் சொல், சமைப்பவர் யார், யாருக்கு எந்த இடம் என்பதையெல்லாம் வாசலிலேயே அறிவித்துவிடும். அதை அழிக்கச் சொல்லி 1957இல் சென்னை திருவல்லிக்கேணி முரளி கபே முன்பு பெரியார் தொடங்கிய மறியல் மாதக்கணக்கில் நடந்தது. தொண்டர்கள் அணி அணியாகக் கைதானார்கள். 1958இல் அந்தச் சொல் இறங்கியது. நம் காலத்தில் ஓர் ஓட்டல் முகப்புக்காக நடந்த மிகப்பெரிய வேலை அதுதான். எந்த மரபுப் பட்டியலிலாவது அது சேருமா?

நாளைக்கு ஒருவர் 1950களின் காபி கிளப் ஒன்றை 'உள்ளது உள்ளபடி' சீரமைக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அந்தச் சொல்லையும் மாட்டுவாரா? மாட்டினால் சாதியைத்தான் மீட்கிறார். 2012இல் ஸ்ரீரங்கத்தில் ஒரு கடைப்பலகையில் அது திரும்பி வந்து, எதிர்ப்புக்குப் பிறகே இறங்கியது. மாட்டாமல் விட்டால், சொல்லோடு சேர்த்து அதை இறக்கியவர்களையும் பூசி மறைக்கிறார். திண்ணையும் அப்படித்தான். வழிப்போக்கருக்கான இடம் என்று பெருமை பேசுகிறோம். எந்த வழிப்போக்கர் உட்கார்ந்தார், எவர் தெருவுக்குள்ளேயே வர முடியவில்லை என்பதைப் பேசுவதில்லை.

ஆகவே நண்பரோடு பாதிதான் உடன்படுகிறேன். இடிக்க வேண்டாம். காரையே பூசட்டும். கூடவே, இங்கே என்ன எழுதியிருந்தது, யார் எந்த ஆண்டில் அழிக்க வைத்தார்கள் என்பதையும் அந்தச் சுவரிலேயே எழுதட்டும். அப்படி எழுதினால் சுவரின் அழகு கெடும் என்பார்களானால், அது யாருடைய அழகு என்றுதான் கேட்க வேண்டியிருக்கும்.