கூலி கொடுத்தவருக்கு ஐந்தே ஆண்டு

சிறு கடைக்காரரின் இணையதளத்தில் உள்ள எழுத்து யாருக்குச் சொந்தம் என்ற பேச்சு எழும்போதெல்லாம் ஒரு பதில் தயாராக இருக்கிறது: சட்டம் படைப்பவரின் பக்கம் நிற்கிறது, எழுதி வாங்கிக்கொள்ளாதது கடைக்காரரின் பிழை. நல்ல எண்ணத்தில் சொல்லப்படும் இந்த வாதத்தை நான் ஏற்கவில்லை.

1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம் படைத்தவரையே முதல் உரிமையாளராகக் கொண்டது சரியே. ஒரு தொகைக்கு எல்லாவற்றையும் எழுதிக் கொடுத்துவிட்டு வெறுங்கையோடு நின்ற பாடலாசிரியர்களை அறிந்தவர்கள் இதைக் குறை சொல்ல மாட்டார்கள். பாடலாசிரியர் ஜாவேத் அக்தர் மாநிலங்களவையில் ஆதரித்து வாதாடிய 2012ஆம் ஆண்டுத் திருத்தமும் அவசியமானது. சம்பள ஊழியர் தம் வேலையாக எழுதுவது முதலாளிக்குச் சேரும் என்பதையும் சட்டம் சொல்லியிருக்கிறது.

ஆனால் சிறு தொழிலில் எழுதுவதற்கென்று சம்பள ஆள் ஏது? திருப்பூரில் பத்துத் தையல் எந்திரம் வைத்திருப்பவர் எழுத்து வேலையை வெளியாளிடம்தான் கொடுக்கிறார். கோணல் அங்கே தொடங்குகிறது. பணம் கொடுத்து எடுக்கச் சொன்ன ஒளிப்படம், மாறான ஒப்பந்தம் இல்லாதவரை, எடுக்கச் சொன்னவருக்கே சொந்தம் என்கிறது 17ஆம் பிரிவு. அதே பணத்தில் எழுதச் சொன்ன வரிகளோ எழுதியவருக்குச் சொந்தம். பனியனின் படம் ஒருவருக்கு, அதன் கீழுள்ள விளக்கம் இன்னொருவருக்கு என்று ஒரே பக்கத்தைப் பிரித்துக் கொடுப்பதில் என்ன நியாயம் இருக்கிறது?

பணம் கட்டிய ரசீது இங்கே உதவாது. உரிமையை மாற்றிக் கொடுப்பவர் கையொப்பமிட்ட எழுத்து வேண்டும் என்கிறது 19ஆம் பிரிவு. விவரமறிந்து, “உரிமை உங்களுக்கே” என்று ஒரு வரி எழுதி வாங்கியவரும் தப்பவில்லை. காலம் குறிப்பிடாவிட்டால் அந்த மாற்றம் 5 ஆண்டுக்குத்தான். இடம் குறிப்பிடாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும்தான். அயல்நாட்டு வியாபாரி படிப்பதற்கென்றே போட்ட தளத்துக்கு இந்தக் கதி. எழுதியவரின் உரிமையோ அவர் இறந்த பின்னும் 60 ஆண்டு நீள்கிறது.

காசு கொடுத்தவர் பயன்படுத்துவதை எந்த நீதிமன்றமும் தடுக்காது என்று சமாதானம் சொல்கிறார்கள். பெரும்பாலும் அப்படியே இருக்கட்டும். போட்டியாளர் அந்த வரிகளை அப்படியே எடுத்துப் போட்டால் பதிப்புரிமை வழக்குத் தொடுக்க யாரால் முடியும்? உரிமையாளரால் முடியும், தனியுரிமம் பெற்றவரால் முடியும். எழுதி வாங்காத கடைக்காரர் இரண்டிலும் சேரமாட்டார். எழுதியவரோ கூலி வாங்கிக்கொண்டு அடுத்த வேலைக்குப் போயிருப்பார். அந்த வரிகளுக்காக நீதிமன்றம் ஏற அவருக்கு என்ன தேவை? திருடியவனைத் தவிர யாருக்கும் பயன்படாத இந்த ஏற்பாட்டைப் படைப்பாளியின் பாதுகாப்பு என்று போற்றுவது எனக்குப் புரியவில்லை. கடையின் கதையைக் கடைக்காரர் சொல்லத்தான் எழுதியவர் கேட்டு எழுதினார்.

இப்போதைக்கு எழுத்து, படம், தளத்தை இயக்கும் நிரல் மூன்றையும் தனித்தனியே குறிப்பிட்டு, உரிமைக்காலம் முழுவதும், உலகம் முழுவதும் என்று கையொப்பம் வாங்குங்கள். பல தளங்களுக்கும் பயன்படும் பொது நிரலைத் தள வடிவமைப்பாளரே வைத்துக்கொள்ளட்டும். ஆனால் இதையே தீர்வென்று கொள்ளக் கூடாது. வழக்கறிஞருக்குக் கொடுக்கப் பணமிருப்பவர் மட்டுமே பெறக்கூடிய பாதுகாப்பு சிறு தொழிலுக்கு எட்டாது. கூலிக்கு எடுத்த ஒளிப்படத்துக்குச் சட்டம் வகுத்த விதியை, கூலிக்கு எழுதிய வணிக எழுத்துக்கும் நாடாளுமன்றம் விரிவுபடுத்த வேண்டும்.