திரையில் மறையும் அளவு: டேனியத் தொடர்புடைய தமிழ் ஏடுகளும் நூற்கலையும்

தமிழ் நூற்கலையின் வரலாற்றை ஆராய்வோர் தவிர்க்க இயலாத நகரம் கோபன்ஹேகன். 1620-இல் தஞ்சை இரகுநாத நாயக்கர் டென்மார்க் வேந்தர் நான்காம் கிறித்தியானுக்கு விடுத்த பொன்னோலை, அங்குள்ள நாட்டு ஆவணக் காப்பகத்தில் உள்ளது. தரங்கம்பாடியிலிருந்து சென்ற தமிழ் ஓலைச்சுவடிகள் அரச நூலகத்தில் உள்ளன. தரங்கம்பாடியில் அச்சான நூல்களைப் பல ஐரோப்பிய நூலகங்கள் காத்துவருகின்றன. இத்தகைய சேகரங்களின் படிமங்களை இன்று இணையத்திலேயே காண இயல்கிறது. கடல் கடந்து செல்ல வாய்ப்பற்ற ஆய்வாளர்க்கு இது பெரும்பேறு. எனினும், படிமம் எழுத்தின் வடிவைக் காட்டுகிறதேயன்றி ஏட்டின் அளவைக் காட்டுவதில்லை. நூற்கலை ஆய்வில் இவ்விழப்பு சிறிதன்று.

பொன்னோலையை முதற்கண் நோக்கலாம். தமிழில் எழுதப்பெற்ற அது பனையோலையின் நீண்டு ஒடுங்கிய வடிவையே பின்பற்றுகிறது. பொருள் பொன்னாயினும் வடிவம் ஓலையே. அரசாணையின் மதிப்பும் தமிழ் எழுத்து மரபின் தொடர்ச்சியும் இவ்விணைப்பில் ஒருங்கே புலப்படுகின்றன. திரையிலோ பொன் வெறும் மஞ்சள் நிறமாகிவிடுகிறது. கையில் ஏந்துவோர் உணரும் கனமும், ஒளி சாயும்போது தெளிவுறும் எழுத்தின் பள்ளமும் அங்கு இல்லை.

அச்சு நூல்களில் இவ்விழப்பு மேலும் ஆழமானது. வேந்தர் நான்காம் பிரடெரிக்கின் ஆதரவில் 1706-இல் தரங்கம்பாடிக்கு வந்த சீகன்பால்குவின் பணிக்கு, அச்சுப்பொறி இலண்டனிலிருந்து 1712-இல் வந்தது. தமிழ் அச்செழுத்துகள் செருமனியின் ஆலே நகரில் வார்க்கப்பெற்று 1713-இல் வந்து சேர்ந்தன. அவை அளவிற் பெரியவை. அவற்றைக் கொண்டு அச்சிட்டால் கையிருப்புத் தாள் புதிய ஏற்பாடு முழுமைக்கும் போதாது என்ற நிலை எழுந்தது. ஆகவே சிற்றெழுத்துகள் உள்ளூரிலேயே வார்க்கப்பட்டன. பாலாடைக்கட்டிப் பெட்டிகளின் ஈய மூடிகள் அதற்கு உதவின என்பர். பின்னர்ப் பொறையாற்றில் தாள் ஆலையும் அமைந்தது. 1714-இல் நற்செய்திகளும் திருத்தூதர் பணிகளும், 1715-இல் புதிய ஏற்பாடு முழுவதும் வெளிவந்தன.

இவ்வரலாற்றின் அச்சாணி எழுத்தின் அளவே. தாளின் விலை, வார்ப்போரின் உழைப்பு, பக்கத்தின் நெருக்கம் ஆகிய அனைத்தும் அதனையே சார்ந்தன. ஆனால் திரை எல்லாப் பக்கங்களையும் தன் அகலத்திற்கே பொருத்திக்கொள்கிறது. பேரெழுத்தும் சிற்றெழுத்தும் ஒரே உயரத்தில் தோன்றக்கூடும். அச்சகத்தார் எதிர்கொண்ட இடர் எதுவோ, அதுவே படிமத்தில் காணாமற்போகிறது. இன்றைய எழுத்துரு வடிவமைப்பாளர் இப்பக்கங்களிலிருந்து வளைவுகளைக் கற்கலாம். அவ்வளைவுகள் எவ்வளவு சிறிய உலோகத்தில் செதுக்கப்பட்டன என்பதைக் கற்க இயலாது.

உருப்பெருக்கம் மூலத்தில் கண்ணுக்கெட்டாத நுட்பங்களைக் காட்டுகிறதே எனலாம். உண்மையே. எனினும் பெருக்கிக் காண்பது அளவை அறிவதாகாது. ஒவ்வொரு படிமத்திலும் அளவுகோல் இடம்பெறுதல், பக்கத்தின் நீள அகலங்களை விவரக்குறிப்பில் தருதல், சாய்ந்த ஒளியில் ஒரு படிமம் எடுத்தல், தாளின் நீர்க்குறியைக் காட்ட ஒளி ஊடுருவும் படிமம் ஒன்று சேர்த்தல் ஆகியவை அரிய செயல்கள் அல்ல. இவை உடனிருப்பின், தரங்கம்பாடி ஏடு படித்தறியும் பனுவலாக மட்டுமன்றிக் கைவினைப் பொருளாகவும் ஆய்வாளர்க்குக் கிட்டும்.