தனித்தனி மேசைகளில் ஐந்து பேர்

1902இல் பிரான்சஸ் பெஞ்சமின் ஜான்ஸ்டன் என்ற வெள்ளையினப் பெண் நிழற்படக் கலைஞர், அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் கறுப்பின மாணவர்களுக்காக நடந்த டஸ்கீகி கல்விக்கழகத்தின் நூலகத்தில் ஒரு படம் எடுத்தார். மாணவர்களும் மாணவிகளும் மேசைகளில் அமர்ந்து படித்துக்கொண்டிருக்கிறார்கள். அவ்வளவுதான் படம். ஆட்களை இருத்தி, ஒழுங்குபடுத்தி எடுப்பது ஜான்ஸ்டனின் வழக்கம். ஆகவே இது தற்செயலாகச் சிக்கிய காட்சி அல்ல. வெறும் பாவனை என்று சிலர் இதை ஒதுக்கக்கூடும். எனக்கோ அந்தப் பாவனைதான் சுவை. அடிமைமுறை ஒழிந்து அப்போது 37 ஆண்டுகளே ஆகியிருந்தன. அதற்கு முன் தென்மாநிலங்கள் பலவற்றில் அடிமைக்கு எழுத்துச் சொல்லிக்கொடுப்பதே குற்றம். அந்தத் தலைமுறையின் பிள்ளைகளைக் கேமராவுக்காக அசையாமல் உட்காரச் சொன்னால், கையில் புத்தகத்தோடு எப்படி உட்கார்வது என்று அவர்களும் யோசித்திருக்க மாட்டார்களா?

கட்டடத்தின் கதை தெரிந்தால் படம் இன்னும் நிறையும். பணம் எஃகுத் தொழிலதிபர் கார்னகி கொடுத்தது, 20,000 டாலர். வரைபடம் போட்டவர் ராபர்ட் டெய்லர், எம்.ஐ.டி.யில் பட்டம் பெற்ற முதல் கறுப்பினத்தவர். கட்டியவர்கள் மாணவர்கள், செங்கல்லும் அவர்கள் சுட்டதே. அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்தின் பட்டியலில் இந்தப் படத்தின் தலைப்பு சதுர அடைப்புக்குறிக்குள் இருக்கிறது. படத்தோடு தலைப்பு வராதபோது, பட்டியலாளர் தாமே எழுதிச் சேர்த்தது என்பதற்கு அடையாளம் அது. அறை, மேசை, ஆண், பெண், வாசிப்பு எல்லாம் அந்தத் தலைப்பில் உண்டு. ஒருவர் பெயரும் கிடையாது.

பெயர்களோடு பார்க்க வேண்டுமானால் கென்டக்கி மாநிலத்தின் லூயிவில் நகருக்குப் போக வேண்டும். அங்கே 1905இல் ஒரு வீட்டின் மூன்று வாடகை அறைகளில் ‘வெஸ்டர்ன் கிளை’ தொடங்கியது. 1908இல் சொந்தக் கட்டடம் கண்டது. தலைவர் முதல் ஊழியர் வரை எல்லோரும் கறுப்பினத்தவராக இருந்து நடத்திய முதல் பொது நூலகம் அது. தலைவர் தாமஸ் பவுண்டன் புளூ, அடிமைகளாயிருந்த பெற்றோரின் மகன். குழந்தைகள் பிரிவு ரேச்சல் டேவிஸ் ஹாரிஸின் பொறுப்பு. நூலகப் பள்ளியின் வாசலை மிதிக்காத புளூ, 1912 முதல் பிறருக்கு நூலகப் பயிற்சி வகுப்பே நடத்தினார். தென்மாநிலங்களின் கறுப்பின நூலகர்கள் பலர் பயிற்சிக்கு வந்தது இங்கேதான். குழந்தைகளுக்குக் கதை சொல்லும் போட்டி வைத்து, கவிஞர் ஜோசப் காட்டர் பெயரில் கோப்பையும் கொடுத்தார்கள். இவ்வளவும் தெரிந்த பிறகு அந்தக் கிளையின் பழைய படங்களைப் பாருங்கள். மேசையைச் சுற்றி உட்கார்ந்திருக்கும் பிள்ளைகள், யாரோ இரக்கப்பட்டுக் கொடுத்ததை வாங்கிக்கொண்டவர்களாகத் தெரிய மாட்டார்கள். தங்கள் வீட்டுக் கூடத்தில் இருப்பவர்களைப் போல இருப்பார்கள். புளூவின் தாள்கள் இன்றும் அந்தக் கிளையில்தான் பாதுகாக்கப்படுகின்றன.

இனி, இந்த வகைப் படங்களில் நான் தலைசிறந்ததாக வைப்பது. வர்ஜீனியாவின் அலெக்சாண்ட்ரியா நகரம், 1939 ஆகஸ்ட் 21. படத்தில் ஐந்து இளைஞர்கள்: வில்லியம் எவன்ஸ், ஓட்டோ டக்கர், எட்வர்ட் கேடிஸ், மோரிஸ் முர்ரே, கிளாரன்ஸ் ஸ்ட்ரேஞ்ச். வெள்ளையினத்தவருக்கு மட்டுமே திறந்திருந்த பொது நூலகத்திலிருந்து போலீஸ் அவர்களை வெளியே அழைத்து வருகிறது. இழுபறி இல்லை, கூச்சல் இல்லை. உடையில் ஒரு குறை சொல்ல முடியாது. உள்ளே நடந்ததைத் தெரிந்துகொண்டால்தான் இந்த அமைதியின் நயம் பிடிபடும். ஒருவர் போய் உறுப்பினர் அட்டை கேட்டார், மறுத்தார்கள். உடனே அலமாரியிலிருந்து ஒரு புத்தகத்தை எடுத்து ஒரு மேசையில் அமர்ந்து படிக்கத் தொடங்கினார். சற்று நேரத்தில் அடுத்தவர் வந்தார். அவர் வேறு மேசையில். இப்படி ஐந்து பேருக்கு ஐந்து மேசை. சேர்ந்து உட்கார்ந்தால் பேசினார்கள், சத்தம் போட்டார்கள் என்று சொல்லிவிடலாம் அல்லவா? அந்த வாய்ப்பையே அடைத்துவிட்டார்கள். இதையெல்லாம் வகுத்தவர் ஓட்டோவின் அண்ணன், 26 வயது வழக்கறிஞர் சாமுவேல் வில்பர்ட் டக்கர். நிழற்படக்காரரை வரவழைக்கவும் அவர் மறக்கவில்லை. மேசை, மௌனம், உடை, கேமரா நான்கையும் சாட்சிகளாக முன்கூட்டியே திரட்டிவைத்த வழக்கு இது. இளைஞர்கள் அமைதியாகத்தான் இருந்தார்கள் என்பதைப் பிறகு நீதிமன்றத்தில் போலீஸ் வாயாலேயே வரவழைத்தார் டக்கர்.

ஐவர் மீதும் பதிந்த குற்றச்சாட்டு, ஒழுங்கீனமாக நடந்துகொண்டது! படத்தை ஒருமுறை பார்த்துவிட்டு இந்த வரியைப் படித்தால் சிரிப்பு வரும், பின்னாலேயே எரிச்சலும் வரும்.

நீதிபதி தீர்ப்பே சொல்லவில்லை. நகரசபை அவசர அவசரமாகக் கறுப்பினத்தவருக்கென்று ராபின்சன் நூலகத்தைக் கட்டி 1940இல் திறந்தது. அதற்கான அட்டையை டக்கர் ஏற்க மறுத்துக் கடிதம் எழுதினார். அவர் கேட்டது முதல் நூலகத்தின் அட்டையை. ஐவர் மீதான குற்றச்சாட்டுகளை நீதிமன்றம் முறைப்படி தள்ளுபடி செய்தது 2019இல்தான். ராபின்சன் நூலகக் கட்டடம் இன்று அலெக்சாண்ட்ரியாவின் கறுப்பின வரலாற்று அருங்காட்சியகமாக இருக்கிறது.