கேளாத செவிகளும் இசையறியும் யந்திரமும்

யந்திரம் இசையை விளங்கிக்கொள்ளத் தொடங்கிவிட்டது என்ற செய்தி இப்பொழுது அடிக்கடி எமது காதில் விழுகின்றது. பாட்டொன்றைக் கேட்ட மாத்திரத்தே அது எவ்வகையினது எனக் கூறும் யந்திரம், இராகத்தின் பெயரைச் சொல்லும் யந்திரம், விருப்பத்தை இரண்டு வரியில் எழுதிக் கொடுத்தால் வாத்தியங்களோடு பாட்டையே ஆக்கித் தரும் யந்திரம் என்றெல்லாம் அறிகின்றோம். செய்தியோடு கூடவே ஓர் இலக்கமும் தவறாது வருகின்றது. நூற்றுக்கு 80, 90, 95. பரீட்சைப் புள்ளிகளின் மீது அளவிறந்த நம்பிக்கை வைத்துப் பழகிய எமது சமுதாயம் அவ்விலக்கத்தைக் கண்டதும் வாய் மூடிவிடுகின்றது. வினாத்தாளைத் தயாரித்தவர் யார், விடையைத் திருத்தியவர் யார் என்று எவரும் கேட்பதில்லை. அதனைக் கேட்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

யந்திரத்தை எதிர்ப்பது எமது கட்சியன்று. 1956, 1957ஆம் ஆண்டுகளிலேயே இலினோய் பல்கலைக்கழகத்தில் லெஜாரன் ஹில்லரும் லெனாட் ஐசாக்சனும், நான்கு தந்தி வாத்தியங்களுக்கான 'இலியாக் சூட்' என்னும் இசையைக் கணனியின் துணைகொண்டு ஆக்கினர். அதன் நான்கு பகுதிகளுக்கும் 'பரிசோதனை' என்றே அவர்கள் பெயரிட்டனர். தாம் செய்தது இன்னதென்று அறிந்தவர்களின் அடக்கம் அது. பின்னாளில் குறைந்துபோனது இந்த அடக்கமே.

ஒரு வழக்கைச் சற்று விரிவாக எடுத்துக்கொள்வோம். 2002ஆம் ஆண்டில் ஜோர்ஜ் ட்ஸானெட்டாக்கிஸ், பெரி குக் என்னும் இருவர், இசையின் வகையைக் கணனி தானே கண்டறியும் முறையொன்றை வெளியிட்டனர். அதற்கெனத் தொகுக்கப்பட்ட ஒலித்தொகுதி 'ஜீட்சான்' என்ற பெயரால் வழங்கலாயிற்று. புளூஸ், மேலைத்தேயச் சாஸ்திரிய இசை, கன்ட்ரி, டிஸ்கோ, ஹிப்ஹொப், ஜாஸ், மெற்றல், பொப், றெகே, ரொக் எனப் பத்து வகை. வகைக்கு 100 துண்டு. துண்டொன்று 30 செக்கன். அவர்களது கணனி நூற்றுக்கு 61 பெற்றது. பெற்றதை அவர்கள் மறைக்கவுமில்லை, மிகைப்படுத்தவுமில்லை. தொகுதியைப் பிறருக்கும் தாராளமாக வழங்கினர். பின்வந்தோர் அதே 1000 துண்டுகளை வைத்துக்கொண்டு 70 என்றனர், 80 என்றனர். பத்தாண்டு முடிவதற்குள் 90ஐயும் தாண்டினர். ஒவ்வொரு படியும் ஒவ்வொரு ஆராய்ச்சிக் கட்டுரையாயிற்று.

2012ஆம் ஆண்டளவில் பொப் ஸ்டேர்ம் என்னும் ஆய்வாளர் ஒரு காரியம் செய்தார். அத்துண்டுகளைக் கேட்டார். கேட்டு, எந்தத் துண்டு எவருடைய எந்தப் பாட்டு என்று ஓர் அட்டவணை தயாரித்தார். அதுவரை அப்படியோர் அட்டவணையே இருக்கவில்லை. கேட்டபொழுது வெளிப்பட்டவை இவை: ஏறக்குறைய 50 துண்டுகள் இன்னொன்றின் அச்சொட்டான பிரதிகள். பத்தில் ஒன்றுக்குச் சற்று மேற்பட்டவை தவறான வகையில் இடப்பட்டவை. றெகே வகையின் 100 துண்டுகளில் 35 பொப் மார்லி ஒருவருடையவை. அதே வகையில் 86ஆம் இலக்கத் துண்டு முதல் ஐந்து செக்கன்களின் பின் வெறும் இரைச்சலாய்ச் சிதைந்து கிடந்தது. இத்தொகுதியைப் பயன்படுத்திய ஆராய்ச்சிகள் 100 வரை அவர் கண்டார். அவற்றுள் அத்துண்டுகளை யாரேனும் காது கொடுத்துக் கேட்டதற்கான அறிகுறி இருந்தவை ஐந்தே ஐந்து.

வாசகர் சற்றுக் கணக்குப் பார்க்கட்டும். 1000 துண்டு, துண்டுக்கு 30 செக்கன். எல்லாவற்றையும் கேட்டு முடிக்க எட்டு மணித்தியாலமும் இருபது நிமிடமும் போதும். ஒரு தொழிலாளியின் ஒருநாள் வேலை. இசையைப் பற்றிய ஆராய்ச்சியில் அந்த ஒருநாளைச் செலவிட பத்தாண்டுகளாக அநேகருக்கு மனம் வரவில்லை. நூலைப் பிரித்துப் பாராமலே மதிப்புரை எழுதும் கனவான்கள் எம்மிடையேயும் உளர் என்பதால் அந்நிய நாட்டாரை நோக்கி மாத்திரம் நாம் நகைப்பதற்கில்லை.

இதனால் விளைந்த கேடு சில்லறைப் பிழைகளோடு நின்றுவிடவில்லை. யந்திரத்துக்குப் பயிற்சியளித்த துண்டுகளிலும் பரீட்சித்த துண்டுகளிலும் ஒரே பாடகரின் குரல் இருக்குமாயின், அது வகையைக் கற்றதா அன்றிக் குரலைக் கற்றதா? ஒரே ஒலித்தட்டிலிருந்து எடுத்தவையாயின், பதிவுசெய்த கூடத்தின் சாயலைக் கற்றதா? பயிற்சிக்கு வந்த கலைஞரைப் பரீட்சையிலிருந்து விலக்கினால் புள்ளி சரிகின்றது என்பதை ஒஸ்திரிய நாட்டு ஆய்வாளர் சிலர் 2005இலேயே எடுத்துக்காட்டியிருந்தனர். எனினும் சரியாத புள்ளியைத் தரும் வழியே இலகுவான வழியாக இருந்தது.

ஸ்டேர்ம் இத்தகைய யந்திரங்களுக்குக் 'குதிரை' என்று பெயரிட்டார். காரணம், பேர்லின் நகரில் வாழ்ந்த ஹன்ஸ் என்னும் குதிரை. வில்ஹெல்ம் வொன் ஒஸ்டன் என்ற ஓய்வுபெற்ற கணித ஆசிரியர் அதனை வளர்த்தார். கூட்டல், கழித்தல் வினாக்களுக்கு அது குளம்பால் தட்டி விடை சொன்னது. இசைச் சுரங்களையும் அது வேறுபடுத்தி அறியும் என்று நம்பப்பட்டது. 1907இல் ஒஸ்கார் புங்ஸ்ட் உண்மையைக் கண்டுபிடித்தார். வினவுபவருக்கே விடை தெரியாதபோது குதிரைக்கும் தெரியவில்லை. வினவுபவரைக் காண முடியாதபோதும் தெரியவில்லை. சரியான தட்டல் வந்ததும் வினவுபவரின் தலையும் உடலும் தம்மையறியாமலே சிறிது அசைந்தன. குதிரை அதைக் கண்டு நிறுத்திக்கொண்டது. குதிரை அறிவில்லாததன்று. ஆனால் அதன் அறிவு கணிதத்தில் இருக்கவில்லை. இவ்விசாரணைக்குப் பின்னணியில் நின்றவர் கார்ல் ஸ்ரும்ப் என்னும் உளவியலறிஞர். இசையின் உளவியலை ஆராய்ந்தவர். 1900இல் பேர்லினுக்கு வந்த சீயம் நாட்டுக் கலைஞரின் இசையைப் பதிவுசெய்து ஒலிச்சுவடிக் கூடமொன்றுக்கு வித்திட்டவரும் அவரே. குதிரையின் கதை இசையாராய்ச்சிக்கு அவ்வளவு தொலைவானதன்று.

ஸ்டேர்ம் வகுத்த சோதனை எளியது. பாட்டின் ஒலியை மெல்ல வடித்து மாற்றுவது. வானொலிப் பெட்டியின் தொனித் திருகியைச் சிறிது திருப்புவது போல. மனிதர் எவரும் அதனால் புளூஸை டிஸ்கோ என்று மயங்கமாட்டார். உயர்ந்த புள்ளி பெற்ற யந்திரங்களோ மயங்கின. 2016இல் அவரும் உடனாய்வாளரும் புகழ்பெற்ற ஒரு முறையைப் பிரித்து ஆராய்ந்தபோது, அதன் வெற்றியின் ஒரு பங்கு செக்கனுக்கு 20 அதிர்வுகளுக்குக் குறைந்த ஒலியிலிருந்து வந்ததென்பது தெரிந்தது. மனிதச் செவிக்கு எட்டாத ஒலி அது. பாடியவரும் அதனைப் பாடவில்லை, கேட்டவரும் கேட்கவில்லை. பதிவின் அடியில் படிந்திருந்த தூசு என்று சொல்லலாம். அந்தத் தூசைக் கொண்டு யந்திரம் இசையை 'அறிந்தது'. அக்கட்டுரையின் தலைப்பிலேயே ஆய்வாளர்கள் கேட்டனர்: இசை எங்கே?

இன்னொரு கேள்வியும் உண்டு. அது ஸ்டேர்முடைய கேள்வியிலும் பழையது. யந்திரத்துக்குக் கற்பிக்கப்பட்ட வகைகள் யாருடைய வகைகள்? 1920களில் அமெரிக்க ஒலித்தட்டுக் கம்பனிகள் கறுப்பினத்தாரின் பாட்டை 'இனத் தட்டுகள்' என்றும், தென்பகுதி வெள்ளை ஏழைகளின் பாட்டை 'ஹில்பில்லி' என்றும் பிரித்து விற்றன. பாடியவர்கள் அயலிலே வாழ்ந்தார்கள். ஒருவர் பாட்டை மற்றவர் பாடினார்கள். பிரித்தது கடைக்காரனின் அலுமாரி. 1949இல் 'பில்போட்' சஞ்சிகை அந்த 'இன' என்ற சொல்லைக் கைவிட்டு 'ரிதம் அன்ட் புளூஸ்' என்று மாற்றியது. பெயர் மாறிற்று, அலுமாரி நின்றது. அந்த அலுமாரியின் தட்டுகளையே இசையின் இயல்பென்று கொண்டு யந்திரத்துக்குப் பாடம் சொல்லுவோர், நிறவெறியும் வியாபாரமும் போட்ட கோட்டை விஞ்ஞானத்தின் பெயரால் மறுபடி வரைகின்றனர். நூற்றுக்கு நூறு பெற்றாலும் அது எதனை அறிந்ததாகும் என்று நாம் கேட்க வேண்டியிருக்கின்றது.

பாட்டை வகைப்படுத்தும் யந்திரம் நிற்க. பாட்டை ஆக்கும் யந்திரத்தின் கதை வேறு விதமானது. 1997இல் ஒறிகன் பல்கலைக்கழகத்தில் மூன்று பியானோ இசைகள் வாசிக்கப்பட்டன. ஒன்று பாக் எழுதியது. ஒன்று அவர் பாணியில் ஸ்டீவ் லார்சன் என்ற இசையாசிரியர் எழுதியது. மற்றது டேவிட் கோப் என்பவரின் கணனி ஆக்கியது. சபையினர் கணனியின் இசையைப் பாக் என்றனர். லார்சனின் இசையைக் கணனி என்றனர். பத்திரிகைகள் பரபரப்படைந்தன. நாம் கேட்பது யாதெனில், அன்று பரீட்சிக்கப்பட்டவர் யார்? சபையினரே என்பது எமது துணிபு. ஏமாற்றுதலை அளவுகோலாகக் கொண்டால் ஏமாறுபவரின் பயிற்சியின்மையும் யந்திரத்தின் புள்ளியோடு சேர்ந்துவிடும்.

இப்பொழுது சபையும் தேவையில்லை என்றாகிவிட்டது. 2023இல் கூகிள் நிறுவனத்தார் வெளிப்படுத்திய 'மியூசிக் எல்.எம்.' என்ற அமைப்பு 2,80,000 மணித்தியால இசையில் பயின்றது. பகலிரவாய்க் கேட்டாலும் முப்பது ஆண்டுக்கு மேல் செல்லும். இத்தகைய ஆக்கங்களை அளக்க வழங்கும் அளவைகளுள் ஒன்று 'பிரெஷே தூரம்'. யூடியூபின் ஒலிகளில் பயின்ற இன்னொரு கணனி வலையிடம் இசையைக் கொடுத்து இலக்கங்களாக மாற்றி, அவ்விலக்கங்களின் பரவல் நிஜ இசையின் பரவலிலிருந்து எவ்வளவு விலகியிருக்கின்றது என்று கணிப்பது அதன் முறை. சராசரிக்கு அண்மையானது நல்லது. இந்த அளவைக்கு முன் தியாகையரோ பீத்தோவனோ வந்து நின்றிருந்தால் என்ன புள்ளி கிடைத்திருக்கும் என்று எண்ணிப் பார்க்கத் தோன்றுகிறது. மேற்படி நிறுவனத்தார் மனிதரையும் கேட்டனர் என்பதைச் சொல்லியாக வேண்டும். கேட்ட கேள்வி, எந்த ஒலி எழுதிக்கொடுத்த வசனத்துக்குப் பொருந்துகின்றது என்பது. பண்டம் கட்டளைக்கு அமைந்ததா என்று பார்க்கும் கேள்வி அது.

எல்லா ஆராய்ச்சியும் இப்படியே என்று கூறினால் நாம் அநீதி இழைத்தவராவோம். பார்சலோனாவிலுள்ள பொம்பேயு பாப்ரா பல்கலைக்கழகத்தில் சேவியர் செர்ரா தலைமையில் 2011 முதல் நடந்த 'கொம்ப்மியூசிக்' திட்டம் கர்நாடக இசையையும் எடுத்துக்கொண்டது. சென்னை ஐ.ஐ.ரி.யினரும் அதில் பங்குகொண்டனர். 2016இல் 40 இராகங்களில், இராகத்துக்கு 12 வீதம், 480 பதிவுகளை வைத்து இராகமறியும் முறைகளை அவர்கள் சோதித்தனர். முதலில் பாடகரின் ஆதார சுருதியைக் கண்டுபிடித்தனர். இராகம் சுரவரிசையில் மாத்திரம் வாழ்வதில்லை, பிடிகளில் வாழ்கின்றது என்பதை ஒப்புக்கொண்டனர். யந்திரம் பிழைத்த இடங்களைத் தள்ளிவிடாமல் ஆராய்ந்து, ஒன்றையொன்று ஒத்த இராகங்களிலேயே அது தடுமாறுகின்றது என்று கண்டனர். இசை கற்கும் மாணவனும் அங்கேதான் தடுமாறுகின்றான். பிழையில் இசை தெரிகின்றதென்பதே எமக்கு அப்புள்ளியிலும் பெரிதாகப் படுகின்றது. ஆயினும் பெயர் சொல்லுதல் தொடக்கமே. கோயில் வீதியில் நள்ளிரவில் நாதஸ்வரக்காரர் தோடியை விரித்துக்கொண்டிருக்கும்போது, நிலத்தில் அமர்ந்திருக்கும் கமக்காரருக்குப் பெயர் தெரியாதிருக்கலாம். எந்த இடத்தில் தலையசைப்பது என்பது தெரியும்.

அந்தத் தலையசைப்பைப் பரீட்சைக்குள் கொண்டுவர முடியுமா? ஒரு முயற்சி நடந்தது. சிக்காகோவின் பொலிஸ் தலைவராயிருந்த அயர்லாந்துக்காரர் பிரான்சிஸ் ஓ'நீல், நாட்டுப்புற நடன இசையைத் தொகுத்து 1907இல் வெளியிட்ட நூலில் 'இரட்டை ஜிக்' என்னும் நடன மெட்டுகள் 365 உள்ளன. 2020இல் ஸ்டேர்ம் ஒரு போட்டி வைத்தார்: அம்மெட்டுகளின் மரபில் யந்திரம் புதியன ஆக்க வேண்டும். நடுவர்கள் அவ்விசையிலேயே ஊறிய நால்வர். திருடப்பட்டதா, தாளம் அந்நடனத்தின் தாளந்தானா, சுரங்கள் அம்மரபுக்கு உரியவையா என்பன முதல் வாயில். அதில் தவறியதற்குப் புள்ளியே இல்லை, வெளியே தள்ளப்பட்டது. இம்முறை மெதுவானது, பத்திரிகைத் தலைப்புக்கு உதவும் இலக்கம் எதையும் தராது. இவ்வழக்குகள் எல்லாவற்றிலும் நாம் கண்ட மிக நேர்மையான மதிப்பீடு இதுவே.

நேர்மையிலும் ஒரு முள் இருக்கின்றது. ஸ்டேர்ம் தாமே முன்னர் ஆக்கிய யந்திரம், அயர்லாந்து இசைப்பிரியர்கள் ஒருவருக்கொருவர் கற்பிக்கவென இணையத்தில் எழுதிவைத்த 23,000க்கு மேற்பட்ட மெட்டுக் குறிப்புகளில் பயின்றது. கூலி எதிர்பாராமல், நண்பர் வாசிக்கட்டும் என்று எழுதியவர்கள் அவர்கள். யந்திரம் அன்று அவர்கள் மனதில் இருக்கவில்லை. இச்சங்கடத்தை ஸ்டேர்ம் மறைக்காமல் எழுதியிருக்கின்றார். 2024 ஜூனில் அமெரிக்காவின் பெரும் ஒலித்தட்டுக் கம்பனிகள் 'சுனோ', 'யூடியோ' என்னும் பாட்டாக்கும் நிறுவனங்கள் மீது வழக்குத் தொடுத்தன. 2025இன் இறுதியில் அவற்றுட் சில, பணமும் அனுமதியும் பேசிச் சமாதானமாகிக்கொண்டன. கம்பனிக்கு வழக்கறிஞர் உண்டு. ஒரு மாலைப்பொழுதில் தன் பாட்டனார் வாசித்த ஜிக்கை எழுதி அனுப்பிய பிடில்காரருக்கு அந்தப் பேச்சுவார்த்தை மேசையில் நாற்காலி போடப்படவில்லை.